தினமும் பேட்டைக்குப் போகிற சைக்கிளுக்கு எந்தப் பெடல்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். வீடு திருநெல்வேலி பெருமாள்புரம், வேலை அதே ஊர் பேட்டையில், வாரம் ஆறு நாளும் சைக்கிளில்தான் போய் வருகிறீர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு கூட்டாளிகளோடு பாபநாசம் வரை ஒரு ஓட்டம். புதிதாக ஹைபிரிட் சைக்கிள் வாங்கியிருக்கிறீர்கள். கூட ஓட்டுகிறவர்கள் எல்லாரும், "கிளிப்லெஸ் போடு, காலை மேலே இழுக்கும்போதும் சக்தி கிடைக்கும், வேகம் முப்பது சதவீதம் கூடும்" என்கிறார்கள். கிளிப்லெஸ் என்றால் ஷூவின் அடியைப் பெடலோடு பூட்டிக்கொள்கிற வகை. வாங்கலாமா, வேண்டாமா, வாங்கினால் எதை வாங்குவது என்பது உங்கள் கேள்வி.

வேலைக்குப் போகிற ஆறு நாளுக்கு நல்ல ஃபிளாட் பெடல், அதாவது காலைப் பூட்டாத தட்டைப் பெடல் ஒன்று போடுங்கள், சைக்கிளோடு வந்த வழுவழு பிளாஸ்டிக் பெடல் வேண்டாம். பாபநாசம் ஓட்டம் மாதம் இரண்டு என்பது நான்காகி, அப்புறம் இன்னும் தூரம் போக ஆசை வந்தால், அப்போது ஒரு பக்கம் ஃபிளாட்டாகவும் மறுபக்கம் எஸ்பிடி என்கிற கிளிப்லெஸ் வகையாகவும் இருக்கிற பெடலுக்கு மாறுங்கள். பந்தய சைக்கிளில் வருகிற, ஷூவுக்கு அடியில் மூன்று போல்ட் போடுகிற கிளிப்லெஸ் வகையைத் தொடவே வேண்டாம். நான் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஃபிளாட், கிளிப்லெஸ் இரண்டையும் மாற்றி மாற்றி இதே ரோடுகளில் ஓட்டுகிறவன், அதனால் காரணங்களையும் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். ஷூவை 'டக்'கென்று மாட்டுகிறோம், ஆனால் பெயர் 'கிளிப் இல்லாதது' என்கிறதே என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். முன்காலத்தில் பந்தய ஓட்டக்காரர்கள் பெடலின் முனையில் ஒரு கம்பிக் கூண்டு வைத்து, அதற்குள் காலை நுழைத்து, தோல் வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் டோ கிளிப் என்று பெயர். பனிச்சறுக்குக் கட்டைகளில் காலைப் பூட்டும் சாதனம் செய்துகொண்டிருந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம், 1984-இல் அதே யோசனையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு ஓட்டக்காரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். கூண்டு போய்விட்டதால் கிளிப்லெஸ் என்ற பெயர் நின்றுவிட்டது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி 1990-இல் வந்தது. அது மலைச் சைக்கிளுக்காகச் செய்தது, அங்கே அடிக்கடி இறங்கி நடக்கவேண்டும் என்பதால் ஷூவுக்கு அடியில் திருகுகிற கிளீட் என்ற இரும்புத் துண்டைச் சின்னதாக்கி, அடிப்பாகத்தின் பள்ளத்துக்குள் பதித்துவைத்தார்கள். இந்த வித்தியாசம் கீழே முக்கியமாக வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய கூண்டு–வார் வகை இன்றைக்கும் கிடைக்கிறது. வாரை இறுக்கினால் கையை விட்டுத்தான் தளர்த்தவேண்டும், இறுக்காவிட்டால் அதனால் பயன் இல்லை. நம் ஊர் போக்குவரத்துக்கு வேண்டாம், அதை விட்டுவிடலாம்.

இப்போது அந்த 'மேலே இழுக்கும் சக்தி'. இதை நானும் பல வருடம் நம்பியிருந்தேன், புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதனால் இதைத் திருத்துவது என் கடமை என்றே நினைக்கிறேன். மிதிக்கும்போது சக்தி எங்கே வருகிறது என்று பாருங்கள்: பெடலைத் தாங்குகிற கிராங்க் கை உச்சியைத் தாண்டி முன்னால் இறங்குகிறதே, கடிகார முள் ஒன்றிலிருந்து ஐந்து வரை போகிற அந்த வளைவில்தான் ஏறக்குறைய முழுவதும். தொடையும் புட்டமும் உடம்பிலேயே பெரிய தசைகள், அவை கீழே தள்ளுவதற்காக அமைந்தவை. காலை மேலே தூக்குகிற இடுப்புத் தசை அவற்றோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது. 2007-இல் தாமஸ் கோர்ஃப் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பயிற்சி உள்ள ஓட்டக்காரர்களை நான்கு விதமாக மிதிக்கவைத்து அளந்தார்கள்: தங்கள் வழக்கப்படி, வட்டமாக, மேலே இழுத்து, கீழே அழுத்தி. இழுத்து மிதித்தபோது பெடலில் விசை சீராகப் பரவியது உண்மைதான், ஆனால் அதே வேலைக்கு உடம்பு செலவழித்த சக்தி கூடிவிட்டது. அதாவது சிக்கனம் குறைந்துவிட்டது. 2016-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆஷர் ஸ்ட்ரா, ராட்ஜர் க்ராம் இருவரும் இன்னும் நேரடியாகவே பார்த்தார்கள்: ஓட்டப் பயிற்சிக்குப் போடுகிற சாதா ஷூவோடு ஃபிளாட் பெடல், அதே ஷூவோடு டோ கிளிப், சைக்கிள் ஷூவோடு கிளிப்லெஸ். மிதமான வேகத்தில் சீராக மிதிக்கும்போது மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

எழுந்து நின்று முழுப் பலத்தோடு பாய்கிற ஸ்பிரிண்ட் வேறு விஷயம். அங்கே பூட்டிய காலும் கெட்டியான ஷூவும் நிஜமாகவே கூடுதல் பலம் தரும், பந்தயக்காரர்கள் அதற்காகத்தான் போடுகிறார்கள். ஆனால் நீங்கள் ஆபீஸுக்குப் போகிறீர்கள். முப்பது சதவீதம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, கிளிப்லெஸ் மாட்டிய அன்றைக்கு அவர் புது ஷூ, புது உற்சாகம், ஒருவேளை புது டயரோடும் ஓட்டியிருப்பார். அந்த வேகத்தைப் பெடல் கணக்கில் எழுதிவிட்டார்.

சரி, அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? எல்லாரும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார்கள். நான் கேட்பது, வழியில் எத்தனை தடவை கால் தரையைத் தொடுகிறது என்று. ஒரு நாள் காலையில் பெருமாள்புரத்திலிருந்து பேட்டைக்கு எண்ணிக்கொண்டே போனேன். சுமார் பத்துக் கிலோமீட்டர்தான். பெருமாள்புரத்தை விட்டு மெயின் ரோட்டில் ஏறும்போதே ஒன்று. முருகன்குறிச்சியில் பள்ளிக்கூட வேன்கள் வரிசையாக நிற்கும், அங்கே இரண்டு. வண்ணார்பேட்டையில் சிக்னல், அதைத் தாண்டினால் நிறுத்தம் இல்லாத இடத்தில் ஆளை ஏற்றுகிற ஷேர் ஆட்டோ. சுலோச்சன முதலியார் பாலத்தில் மட்டும்தான் ஆற்றுக் காற்றை வாங்கிக்கொண்டு நிற்காமல் போகலாம், அதற்கும் எட்டரைக்கு முன்னால் போகவேண்டும். ஜங்ஷன், ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றம், ஆர்ச், அப்புறம் டவுணுக்குள் நுழைந்துவிட்டால் ரத வீதிகளில் மாடு, தள்ளுவண்டி, திடீரென்று கதவைத் திறக்கிற கார். பேட்டை போய்ச் சேர்ந்தபோது 23 தடவை கால் ஊன்றியிருந்தேன். ஆனித் தேரோட்ட நாளாக இருந்தால் எண்ணவே வேண்டாம், இறங்கி உருட்டவேண்டியதுதான்.

இந்த 23 தடவையும் கிளிப்லெஸ்ஸில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நிற்பதற்கு முன் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றவேண்டும். கிளம்பும்போது மறுபடி பெடலைத் தேடி, கிளீட்டைச் சரியாகப் பொருத்தி, அழுத்தி மாட்டவேண்டும். பழகினவனுக்கு ஒரு நொடி வேலைதான், ஆனால் பின்னால் டவுண் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு நொடி முழுக்கக் கண் ரோட்டில் இருக்காது, காலடியில் இருக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை. திடீரென்று ஆடு குறுக்கே வந்தால், நாய் துரத்தினால், மேலாடை பறக்க ஸ்கூட்டி ஒன்று சந்திலிருந்து பாய்ந்தால், ஃபிளாட் பெடலில் கால் தானாகத் தரைக்குப் போகிறது, யோசிக்கவேண்டியதில்லை. சின்ன வயதில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட நாளிலிருந்து உடம்பு கற்றுவைத்திருக்கிற பழக்கம் அது.

அதே நான் ஒரு ஞாயிறு விடிகாலை பேட்டையிலிருந்து சுத்தமல்லி, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் போனபோது மொத்தமே ஒன்பது தடவைதான் கால் ஊன்றினேன், அதில் இரண்டு டீக்கு. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஒன்பது தடவை, பத்துக் கிலோமீட்டரில் 23 தடவை. ஒரே ஆள், ஒரே சைக்கிள். உங்கள் வழியையும் ஒரு நாள் இப்படி எண்ணிப் பாருங்கள், என் எண்ணிக்கையை நம்பவேண்டாம்.

இனி ஃபிளாட் பெடலில் எதை வாங்குவது. இதில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள், 'சாதா பெடல்தானே' என்று. நல்ல ஃபிளாட்டின் மேல்பரப்பு அகலமாக இருக்கும், சுமார் பத்து சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு நீளமும், நடுவில் லேசாகக் குழிந்து, ஓரங்களில் சின்னச் சின்ன பின்கள் துருத்திக்கொண்டிருக்கும். ரப்பர் அடி உள்ள ஷூ அதில் உட்கார்ந்தால் காலைப் பக்கவாட்டில் நகர்த்தவே சிரமம், தூக்கித்தான் வைக்கவேண்டும். அந்தப் பிடிமானம்தான் வேண்டியது. நைலான் பெடலும் இருக்கிறது, அலுமினியப் பெடலும் இருக்கிறது. தினசரி ஓட்டத்துக்கு நைலான் போதும், ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் நல்லது கிடைக்கும், பின்னும் ஓரமும் அவ்வளவு கூர்மையாக இராது. அலுமினியத்தின் இரும்புப் பின் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு தடவை பட்டால் தோல் சீவினாற்போல் வந்துவிடும், சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கும்போதுதான் பெரும்பாலும் அடிக்கும். வாங்குவதற்கு முன் கடையிலேயே அச்சைப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள்: மணல் அரைப்பதுபோல் கரகரத்தாலோ, ஆட்டிப்பார்த்தால் லொடலொடத்தாலோ பால்ரஸ் சரியில்லை, வேறு எடுங்கள்.

காலணி அதைவிட முக்கியம். ரப்பர் செருப்பு வேண்டாம் தம்பி, நம் ஊரில் பாதிப் பேர் அதில்தான் மிதிக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அது வளைந்துகொடுக்கும், அதனால் பெடலின் ஓரம் பாதத்தை அழுத்தும், அரை மணி நேரத்தில் உள்ளங்கால் எரியும். ஐப்பசி மழையில் நனைந்துவிட்டால் கால் செருப்புக்குள்ளேயே வழுக்கும். தட்டையான ரப்பர் அடி உள்ள கான்வாஸ் ஷூ, கொஞ்சம் கெட்டியாக இருந்தால் அருமை. ஆபீஸில் தோல் ஷூ போடவேண்டும் என்றால் அதை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு வாருங்கள்.

பாதத்தை வைக்கிற இடம்: கிளிப்லெஸ்காரர்கள் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற பந்துபோன்ற பகுதியைப் பெடல் அச்சுக்கு நேரே வைப்பார்கள். ஃபிளாட்டில் அதைவிட இரண்டு விரல் அகலம் பின்னால், பாதத்தின் நடுப்பக்கமாக வைத்துப் பாருங்கள். கெண்டைக்காலுக்கு வேலை குறையும், மேடு ஏறும்போது காலும் நிலையாக நிற்கும். குண்டும் குழியுமான ரோடு வந்தால் குதிகாலை லேசாகக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். மலைச் சைக்கிள்காரர்களிடம் கற்ற பழக்கம் இது. சைக்கிள் குதித்தாலும் கால் பெடலை விட்டுக் கிளம்பாது, அதிர்ச்சி கணுக்காலிலேயே அடங்கிவிடும். ஃபிளாட்டில் கால் நழுவுகிறது என்று குறைசொல்கிற முக்கால்வாசிப் பேர் விரல் நுனியால் மிதிப்பவர்கள்.

அப்படியென்றால் கிளிப்லெஸ் எதற்கு? நீண்ட நேர ஓட்டத்துக்கு. நான்கு, ஐந்து மணி நேரம் தொடர்ந்து மிதிக்கும்போது கால் பெடலில் எங்கே இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் போகிறதே, அந்த நிம்மதிக்கு. ஆனி ஆடியில் பாபநாசம் போயிருப்பீர்கள், மேற்கே மலை இடுக்குகளிலிருந்து வருகிற காற்று முகத்தில் அறையும். போகும்போது முழுவதும் எதிர்க்காற்று, திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளும். அந்த எதிர்க்காற்றில் கியரைக் குறைத்து வேகவேகமாகச் சுற்றவேண்டும், நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று. அப்போது ஃபிளாட்டில் கால் மெல்ல மெல்ல நகர்ந்து, திரும்பத் திரும்ப எடுத்துவைக்கவேண்டிவரும். கிளீட்டில் அந்தத் தொல்லை இல்லை. சாரல் விழுந்து பெடல் நனைந்திருந்தாலும் கால் வழுக்காது. எழுந்து நின்று மிதிக்கும்போது கால் நழுவிக் கிராங்கில் முட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. இதற்கு மேலே போய் பிரெவே என்கிற, நேரக் கெடு உள்ள நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டர் போகிற எண்ணம் வந்தால், பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், அன்றைக்கு நானும் கிளிப்லெஸ்ஸில்தான் போவேன். மாதம் இரண்டு பாபநாசம் என்பது ஃபிளாட்டிலேயே சுகமாகப் போகக்கூடிய தூரம்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், இரண்டு போல்ட் எஸ்பிடி. மூன்று போல்ட் வகையில் கிளீட் பெரிய பிளாஸ்டிக் துண்டாக ஷூவுக்கு அடியில் துருத்தி நிற்கும். டைல்ஸ் தரையில் வழுக்கும், நடக்க நடக்கத் தேயும், டீக்கடைப் படி ஏறுவதற்குள் வாத்துபோல் நடக்கவேண்டியிருக்கும். எஸ்பிடியில் கிளீட் பள்ளத்துக்குள் இருப்பதால் சாதா ஷூபோலவே நடக்கலாம். பெடலிலும் ஒரு பக்கம் ஃபிளாட், மறுபக்கம் எஸ்பிடி என்றிருக்கிற வகையை எடுங்கள், ஷிமானோவில் இஎச்500 அந்த வகை. பெடலும் ஷூவும் சேர்ந்து பத்தாயிரத்தை ஒட்டி வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு பக்க ஃபிளாட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பு என்னிடம் இருந்தது இரண்டு பக்கமும் எஸ்பிடி உள்ள பெடல், தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். ஒரு மாசி மாதம், பிசான அறுப்பு நேரம், பாபநாசத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வீரவநல்லூர் தாண்டி ரோட்டின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள், எதிரே அறுவடை இயந்திரத்தை ஏற்றிய லாரி. ஓரம் கட்டி நிற்கலாம் என்று இடது குதிகாலைத் திருப்பினேன். ஷூ திரும்பியது, 'டக்' சத்தம் வரவில்லை. இன்னும் திருப்பினேன், ஷூ இன்னும் திரும்பியது, கால் மட்டும் கழலவில்லை. வேகம் சுத்தமாகக் குறைந்து அப்படியே இடதுபக்கம் நெல்லின்மேல் சாய்ந்துவிட்டேன். கால் அப்போதும் பெடலிலேயே மாட்டியிருக்கிறது. நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஒரு ஆச்சி ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஏ ராசா, மொதல்ல அந்தச் செருப்பக் கழத்துய்யா" என்றார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஷூவின் வாரை அவிழ்த்ததும் கால் வெளியே வந்துவிட்டது, ஷூ மட்டும் பெடலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான்: கிளீட்டை ஷூவோடு பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டில் ஒன்று எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. ஒரு போல்ட்டில் நிற்கிற கிளீட் பெடலுக்குள்ளேயே இருக்கும், ஷூ மட்டும் அந்த ஒற்றைப் போல்ட்டைச் சுற்றித் திரும்பும். திருப்பினால்தானே பூட்டு திறக்கும்? அந்தத் திருகல் கிளீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. பெடலின் பின்னால் ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு உண்டு, 3 மில்லிமீட்டர் அலன் கீயால் அதை முழுக்கத் தளர்த்தி, பக்கத்து டீக்கடையில் வாங்கிய ஸ்க்ரூ டிரைவரால் கிளீட்டை நெம்பித்தான் ஷூவை எடுத்தேன். டீக்கடை அண்ணாச்சி தன் ரப்பர் செருப்பைக் கொடுத்தார். அந்தச் செருப்போடு, தீப்பெட்டி அகல இரும்பை மிதித்துக்கொண்டு, பாளையங்கோட்டை வரை வந்தேன். இடது உள்ளங்காலில் அந்தப் பெடலின் அச்சு இரண்டு நாள் இருந்தது. மறுபக்கம் ஃபிளாட்டாக இருந்திருந்தால் பெடலைப் புரட்டிப்போட்டுவிட்டுச் சுகமாக வந்திருக்கலாம்.

அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை ஷூவைக் கவிழ்த்து 4 மில்லிமீட்டர் அலன் கீயால் போல்ட்டுகளைச் சோதிக்கிறேன். புரியில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஐந்து ஆறு நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கவேண்டும், அதாவது சின்ன அலன் கீயைக் கையால் நன்றாக அழுத்தித் திருகுகிற அளவு. புது கிளீட் மாட்டினால் முதல் ஓட்டம் முடிந்ததும் ஒரு தடவை சரிபாருங்கள், முதலில்தான் அது படிந்து தளரும்.

முட்டி விஷயம். ஃபிளாட்டில் கால் தனக்கு வசதியான கோணத்தை மிதிக்கு மிதி தானே தேடிக்கொள்ளும். கிளிப்லெஸ்ஸில் நீங்கள் திருகிவைத்த கோணம்தான் ஆயிரக்கணக்கான சுற்றுக்கும். அது தப்பாக இருந்தால் முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலி தொடங்கும், வலியோடு ஓட்டினால் மாதக்கணக்கில் படுத்தும். உயரமான மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள், பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தக் கோணத்துக்கு ஏற்றபடி கிளீட்டை வையுங்கள். முன்பின் நிலையில், விரல் பக்கம் தள்ளாமல் கொஞ்சம் பின்னால் தள்ளியே வைப்பது நல்லது. பூட்டியபிறகும் குதிகால் சில டிகிரி இப்படியும் அப்படியும் அசைய எஸ்பிடி இடம்தருகிறது, அந்த அசைவின் நடுவில் உங்கள் கால் நிற்கவேண்டும், ஓரத்தில் இடித்துக்கொண்டு நிற்கக்கூடாது. இரண்டு வாரத்தில் வலி போகவில்லை என்றால் கிளீட்டைக் கழற்றிவிட்டு ஃபிளாட்டுக்கே திரும்பிவிடுங்கள், முட்டியைப் பணயம் வைக்கிற அளவுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

பழகுவது எப்படி? ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்திவையுங்கள். ஷிமானோவில் எஸ்எச்51 கிளீட் பக்கவாட்டுத் திருகலில் மட்டும் கழலும், எஸ்எச்56 பல திசையில் கழலும், மேலே பிடுங்கினாலும் வந்துவிடும். ஆரம்பத்துக்கு 56 வாங்குங்கள். வீட்டுச் சுவரில் ஒரு கையை ஊன்றி சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஐம்பது தடவை மாட்டிக் கழற்றுங்கள், அடுத்த நாள் இன்னொரு ஐம்பது. அப்புறம் ஆளில்லாத தெருவில், முடிந்தால் புல்தரையில். நிற்கப்போகிறோம் என்று தெரிந்த உடனே, நிற்பதற்கு இருபது முப்பது அடிக்கு முன்னாலேயே கழற்றிவிடவேண்டும், நின்றபிறகு கழற்ற நினைத்தால் விழுவது நிச்சயம். எப்போதும் இடது காலையே முதலில் கழற்றுங்கள். நாம் ரோட்டின் இடது ஓரத்தில் போகிறோம், இடதுபக்கம் சாய்ந்தால் மண்ணில் விழுவோம், வலதுபக்கம் சாய்ந்தால் பஸ் வருகிற பக்கம். இடது கால் கழன்றதும் உடம்பும் கொஞ்சம் இடதுபக்கமே சாய்ந்திருக்கும்படி பழக்குங்கள். டவுணுக்குள் நுழைந்துவிட்டால் பெடலைப் புரட்டி ஃபிளாட் பக்கத்திலேயே ஓட்டுங்கள், சுத்தமல்லி தாண்டி மாட்டிக்கொள்ளலாம். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

பெடல் மாற்றுவதை நீங்களே செய்யலாம், பதினைந்து நிமிட வேலை. வலது பெடல் சாதாரணப் புரி, இடது பெடலுக்கு எதிர்ப்புரி. மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். இது தெரியாமல் இடது பெடலை வழக்கமான திசையில் திருகித் திருகி, கழலவில்லை என்று நீளமான பைப்பை ஸ்பேனரில் சொருகி, கடைசியில் கிராங்கின் புரியையே நாசம் செய்த ஒரு கடையை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் கிராங்க் என் சைக்கிளுடையது. இப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள்: 15 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் பெடல் அச்சில் மாட்டிக் கைப்பிடி மேலே பார்க்க நிறுத்துங்கள். எந்தப் பக்கப் பெடலாக இருந்தாலும், பின்சக்கரம் பக்கம் இழுத்தால் கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். சில பெடல்களில் ஸ்பேனர் பிடிக்க இடம் இராது, கிராங்கின் உள்பக்கத்திலிருந்து 6 அல்லது 8 மில்லிமீட்டர் அலன் கீ விடவேண்டும். பெடலில் இடது வலது என்று அச்சடித்த எழுத்து இருக்கும், பார்த்துவிட்டு முதல் நான்கைந்து சுற்று கையாலேயே திருகுங்கள். கையால் போகவில்லை என்றால் புரி குறுக்கே ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். மாட்டும் முன் புரியில் தாராளமாகக் கிரீஸ். தாமிரபரணிக் கரை ஈரமும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தால் கிரீஸ் இல்லாத பெடல் ஒரே வருடத்தில் கிராங்கோடு ஒட்டிக்கொள்ளும்.

சைக்கிளோடு வந்த பழைய பெடலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு கவரில் சுற்றி, எது இடது எது வலது என்று எழுதி வையுங்கள், வெளியூருக்கு சைக்கிளை பஸ் மேலே ஏற்றி அனுப்பும்போது நல்ல பெடலைக் கழற்றிவிட்டு அதைத்தான் மாட்டவேண்டியிருக்கும். அடுத்த வாரம் உங்கள் வழியில் எத்தனை தடவை கால் ஊன்றினீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள், எண்ணிக்கை ஐந்துக்குள் வந்தால் நான் சொன்னதை மறுபடி யோசிக்கிறேன்.